மெர்சி அக்காவின் பப்பாளி நிறக் கவுன்

மூன்று வாரங்களுக்கு முன், சிட்னியின் பாரமட்டாவில் ஒரு துணிக்கடை வாசலில், என்னைத் திருடி என்று நினைத்து ஒரு பெண் துரத்திக்கொண்டு வந்தார். அவர் கழுத்தில் ஒரு பெரிய கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. பில் போடாத ஒரு துணி ரோலின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனை மெர்சி அக்காவின் கையில்.

மெர்சி அக்கா வென்ட்வேர்த்வில்லில் எனக்கு அடுத்த வீடு. மன்னார்க்காரர். இருபத்துநாலு வருடம் ஒரு மருத்துவமனையின் லாண்டரியில் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்ட்டில் ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு தையல் மெஷின் பரிசளித்தார்கள். கூடவே ஒரு கட்டளையும். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பூங்காவில் மதியச் சாப்பாடு. இங்கே செப்டம்பரில்தான் வசந்தம்; மெர்சி தன் கையால் தைத்த ஸ்பிரிங் டிரெஸ்ஸில் வர வேண்டும். எந்த நிறமாகவும் இருக்கலாம் — நேவி ப்ளூ மட்டும் கூடாது.

நேவி ப்ளூ அவர்களுடைய யூனிஃபார்ம்.

கேட்க எளிதாகத்தானே இருக்கிறது? அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் கவலை.

“வாணி, எனக்கு என்ன நிறம் பிடிக்கும் எண்டு எனக்கே தெரியேல்லை. ஒருக்கா என்னோடை கடைக்கு வாங்கோ. நீங்கள் பேப்பரிலை வேலை செய்தனீங்கள்தானே... உங்கட கண் சரியாப் பாக்கும்.”

மதுரையில் நான் பதினொரு வருடம் வேலை பார்த்த மாலைப் பத்திரிகை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கறுப்பு வெள்ளை. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா வேறு ஆளாகிவிட்டார். ஒவ்வொரு துணியாகக் கைப்பிடிக்குள் கசக்கி, பத்து வரை எண்ணி, விரித்துப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அதன் முனையை நனைத்து, துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார்.

பாலியஸ்டர்? “வேர்வை வெளியிலை போகாது. புட்டுப் பானைக்குள்ளை இருக்கிற மாதிரி இருக்கும்.”

லினன்? “நல்ல துணிதான். ஆனா கதிரையிலை ஒருக்கா இருந்து எழும்பினாக் காணும், படுத்து எழும்பி வந்த மாதிரி இருக்கும்.”

ரேயான்? “ஈரத்திலை பலமில்லை. சுருங்கும்.”

காட்டன் பாப்ளின் மட்டும் பாஸ். அந்தக் கைக்குத் துணியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. நான் சும்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் கழித்து வண்டிக்குள் பார்த்தால் நாலு ரோல்கள்.

“அக்கா... நாலும் நேவி ப்ளூ.”

“இல்லையே. இதிலை பூ இருக்கு.”

“நேவி ப்ளூல பூ.”

“இது கோடு.”

“நேவி ப்ளூல கோடு!”

அக்கா குனிந்து பார்த்தார். “ஐயோ மாதாவே! கை தன்பாட்டிலை போகுது.”

யூனிஃபார்மை உடம்பிலிருந்து கழற்ற ஒரு நிமிடம் போதும். கண்ணிலிருந்து கழற்ற எவ்வளவு நாளாகும்?

நாலையும் திருப்பி வைத்தோம். ஐந்தாவதாக ஒரு ரோலை எடுத்தார். அவர் கறுப்பு என்றார். நான் பிரவுன் என்றேன். கடையின் டியூப்லைட்டுக்கு அடியில் இரண்டுமே சரியாகத்தான் பட்டன.

தமிழர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்! வெயிலில் பிடித்துப் பார்க்காமல் யாராவது புடவை எடுப்பார்களா? ஊரில் கடைக்காரரே “வெளியே போய்ப் பாருங்கம்மா” என்பார். நாங்களும் ஆளுக்கொரு முனையாக, ஸ்ட்ரெச்சர் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வெளியே போனோம். இது பாரமட்டா என்பது இருவருக்கும் நினைவில் இல்லை.

“எக்ஸ்க்யூஸ் மீ, லேடீஸ்!”

கத்தரிக்கோல் பெண் வந்து நின்றார். நான் சூரியனைக் காட்டினேன், துணியைக் காட்டினேன், எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் துணியைப் பார்த்தார். வெயிலில் அது நல்ல கத்தரிப்பூ நிறம்.

“ஓ மை காட்! ஐ’வ் பீன் செல்லிங் திஸ் ஆஸ் பிளாக்!”

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பெண்ணே உள்ளே போய் ஒவ்வொரு ரோலாகக் கொண்டுவர ஆரம்பித்தார். பச்சை, ரோஸ், சந்தன நிறம்... பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கையில் காபியோடு நின்ற ஒரு தாத்தா, சந்தன நிறத்தைப் பார்த்துத் தலையாட்டி, “நாட் தட் ஒன், டார்லிங்” என்றார். நடைபாதையில் வாக்கெடுப்பே நடந்தது.

கடைசியாக வந்த ரோலைப் பார்த்ததும் அக்கா முன்னால் வந்து அதைக் கையில் வாங்கினார். துணியின் முனையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“வாணி, இது பழுத்த பப்பாளி.”

கசக்கினார், எண்ணினார், கைக்குட்டையால் தேய்த்தார். பாஸ். சந்தோஷத்தில் அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே, “மூண்டு மீட்டர் வெட்டுங்கோ” என்றார். நீட்டிய மூன்று விரலைப் பார்த்து, அவரும் சரியாக மூன்று மீட்டர் வெட்டினார்.

அடுத்த இரண்டு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம். துணியை முதலில் துவைத்துக் காயப்போட்டது லாண்டரி மூளை. கழுத்தை மூன்று தடவை பிரித்துத் தைத்தது புது மெஷின். ஒருநாள் வேலிக்கு மேலே தலை தெரிந்தது.

“பேட்டர்னிலை பொக்கற் இல்லை. ஆனா நான் வைக்கப் போறன்.”

எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கப் பழைய யூனிஃபார்மை மாட்டி, கை தானாகப் போகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்திருக்கிறார். பெரிய பாக்கெட், இரண்டு.

“கவுனுக்கு இவ்வளவு பெரிய பாக்கெட்டாக்கா?”

“பின்னைக் கை எங்கை போறது?”

சனிக்கிழமை வந்தது. நான்தான் காரில் கூட்டிப்போனேன். அக்கா பப்பாளிக் கவுனில் வந்தார் — மேலே, கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு நேவி ப்ளூ கார்டிகன்!

“குளிருது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே நல்ல வெயில்.  காரில் ஹீட்டரைப் போட்டேன். இரண்டாவது சிக்னலில் கார்டிகன் கழன்றது.

பூங்காவில், மரத்தடி மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்ததால் அத்தனை பேரும் நேவி ப்ளூ. அக்கா போய் மேசையருகே நின்றார். அவரோடு பல வருடம் விரிப்பு மடித்த மரியா நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“சாரி லவ், திஸ் டேபிள் இஸ் டேக்கன்.”

 அக்காவின் இரண்டு கைகளும் மெதுவாகப் பாக்கெட்டுக்குள் போயின. தோள் லேசாக உயர்ந்தது.

மரியாவின் பார்வை கைக்குப் போனது, தோளுக்கு ஏறியது, முகத்துக்கு வந்தது.

“மெர்சி!”

அந்த அலறலில், குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த ஐபிஸ் பறவைகள் எழும்பிப் பறந்தன. ஆறு பேரும் கட்டிப்பிடித்தார்கள். பிறகு ஆறு பேரும் — லாண்டரிக்காரர்கள் அல்லவா — கவுனின் ஆளுக்கொரு பகுதியைக் கைக்குள் கசக்கி, சத்தமாகப் பத்து வரை எண்ணினார்கள். விரித்தார்கள். சுருக்கமே இல்லை! கைதட்டல்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களே, அவைக்கு என்னைத் தெரியேல்லை!” இவ்வளவு மகிழ்ச்சியாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, ஏதோ ஒரு யோசனையில் என் துணி அலமாரியைத் திறந்தேன். கறுப்பு, சாம்பல், வெள்ளை. கறுப்பு, சாம்பல், வெள்ளை...

பத்திரிகை வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது!