தெம்யானாவின் மீன்

பானை ஓட்டுத் துண்டைத் துடைத்தார், முகர்ந்தார், பிறகு நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கல் இல்லை, சுட்ட மண்தான் என்று தெம்யானா தலையசைத்தபோது கிடங்குக்காரர் பாகூம் பார்த்துவிட்டார்.

“அக்கா, ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு நடக்குது, மீன்கூட ஆகாது. அது மடத்து அடுப்படிக் குப்பையில கெடச்ச ஓடு. மீன் கொழம்பு ஊறியிருக்கும்.”

“ஆயிரத்தி நானூறு வருஷத்துக் கொழம்புக்கு நான் போயி பாவமன்னிப்புக் கேக்கணுமா? வேலையப் பாருய்யா.”

என்றாலும் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

பழைய கெய்ரோவின் அருங்காட்சியகத்தில் உடைந்த மட்பாண்டங்களை ஒட்டுவது தெம்யானாவின் தொழில். பொறுமைசாலி என்று பெயர். வீட்டில் அவரைக்கொட்டை வேகும்வரை காத்திருக்க முடியாமல் தெருமுனைக் கடையில் வாங்கிவிடுகிறவர். “இல்லாதத இல்லன்னு காட்டு. சாந்து வச்சா சாந்துன்னு தெரியணும்” என்பது அவருடைய வேதவாக்கு. ஆனால் அவருக்குப் புகழ் வாங்கித் தந்ததோ, அந்த வேதத்தை மீறிய ஒரே ஒரு கிண்ணம்தான். அதில் தீட்டியிருந்த மீனுக்குத் தலைப்பக்கம் உடைந்து போயிருந்தது. அன்றைய இயக்குநர் கெஞ்சினார். தெம்யானா சாந்தில் தலையை வார்த்து ஒட்டி, வண்ணமும் தீட்டினார். ஒயிலான தலை. நுழைவுச்சீட்டில் இன்றைக்கும் அந்த மீன்தான். வருகிறவர்கள் குயவன் வரைந்த வாலை விட்டுவிட்டு, தெம்யானா வரைந்த தலையைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நாக்குப் பட்ட இடத்தில் தூசி கரைந்து ஒரு கறுப்பு வட்டம் துலங்கியிருந்தது. அவர் ஓட்டுத் துண்டை விளக்கடியில் பிடித்தார். பிறகு கண்ணாடிப் பேழையைத் திறந்து கிண்ணத்தை எடுத்துவந்து, சாந்துத் தலையின்மேல் ஓட்டைப் பொருத்திப் பார்த்தார். உடைந்த விளிம்பு அச்சாக அதேதான். தலைதான் வேறு: அகலத் திறந்த வாய்; அந்தக் கறுப்பு வட்டம்தான் கண், அது முகத்தைவிட்டு வெளியே நின்றது.

பாகூம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “வரைஞ்சவன் நல்லா ஊத்திக்கிட்டு வந்திருக்கான். அக்கா, பேசாம பெட்டியில போட்டு மூடிடு. உன் மீன்தான் அழகு. ஊரே அதத்தான் பாக்க வருது.”

“ஆமா, என்னுதுதான் அழகு” என்றார் தெம்யானா. குரலில் அடக்கம் துளியும் இல்லை.

சொல்லிக்கொண்டே கரைப்பான் புட்டியைத் திறந்து பஞ்சை நனைத்தார். சாந்துத் தலை ஒட்டியிருந்த விளிம்போரமாக மெதுவாக ஒற்றத் தொடங்கினார். பசை இளகியது. தலை லேசாக ஆடியது. விழுந்து உடைந்துவிடாமல், இடது உள்ளங்கையை அதன் கீழே ஏந்திக்கொண்டார்.