அப்பாவின் விருந்தாளி

நான் வேலை செய்யும் ஜெர்மன் முதியோர் இல்லத்தின் தோட்டத்தில் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. பெஞ்சு, நேர அட்டவணை எல்லாம் உண்டு. பஸ் மட்டும் வராது. நினைவு தப்பியவர்கள் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினால் அங்கே உட்காரவைப்போம். சற்று நேரத்தில் எங்கே கிளம்பினோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும். பெரிய சிகிச்சையாம். இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் நாங்களும் இப்படி பஸ் வராத பல தரிப்பிடங்களில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். அது சிகிச்சை என்று யாரும் சொல்லவில்லை.

"உங்கள் நாட்டில் பெற்றோரைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்களாமே, எவ்வளவு அழகான பண்பாடு!" என்று உடன் வேலை செய்யும் மோனிகா வியப்பாள். "யா, யா" என்பேன். அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்வாள். அந்தப் பண்பாட்டின்படிதான் நான் அவளுடைய ஊர்க் கிழவர்களுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். ராகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் என் அப்பாவுக்கு அம்மா ஊட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது என்று அம்மா போனில் அழுத பிறகுதான் லீவு போட்டேன்.

அப்பாவோடு நான் சரியாகப் பேசிப் பல வருடங்கள். நான் வெளிநாடு கிளம்பிய காலையில் லயமே வேனடிக்கு வந்து அழுதது. அப்பா மட்டும் வரவில்லை. அந்தக் கோபத்தை ஐரோப்பியக் குளிரில் கெட்டுப்போகாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

லயத்து வாசலில் என்னைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றார்.

"வாங்க மிஸ், உக்காருங்க."

புதிதாக வந்த டீச்சர் என்று நினைத்துவிட்டார். அம்மா உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், நான் கண்ணைக் காட்டினேன். மகளாக இருந்தபோது இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. கெடுப்பானேன்? விருந்தாளிக் கோப்பையில் தேத்தண்ணியும் வந்தது.

"எனக்கும் ஒரு மக இருக்கு மிஸ். ஜெர்மன்ல."

"நீங்கதான் அனுப்பி வச்சீங்களா?"

"நான் எங்க அனுப்புனேன்? வேன்கிட்டகூடப் போகல. தேயிலைக்குள்ள போயி நின்னுக்கிட்டேன்."

"ஏங்க?"

"போனா, போகாதன்னு சொல்லிப்புடுவேன். அது நின்னுரும். அப்புறம் அதுவும் கூடையத் தூக்கிக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்கிப் போகும்."

நினைவு தப்பியவர்களைத் திருத்தக்கூடாது என்று ஜெர்மனியில் எங்களுக்குப் பயிற்சி, சான்றிதழும் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொள்வது பற்றி அதில் பாடம் இல்லை. தேத்தண்ணி சூடு என்று சமாளித்தேன்.

"இத மககிட்ட சொன்னீங்களா?"

"அது கோவக்காரி மிஸ். நீங்க பாத்தா சொல்லுங்க."

"சொல்றேங்க."

சுவரில் மாட்டியிருந்த என் படத்தைக் காட்டினார். "இந்தப் புள்ளதான்." படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாடை ஒங்கள மாதிரிதான் மிஸ்," என்றார். "ஆனா எம்புள்ள இன்னும் கொஞ்சம் லட்சணம்."

"ஆமாங்க," என்றேன், படத்திலிருந்தவளைப் பொறாமையோடு பார்த்தபடி.