அண்ணன் வெட்டிய பைன் மரத்தின் அடிக்கட்டை

பேய், முனி எதையும் நான் நம்பினவன் இல்லை. சாமியாடுகிறவனைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள், ஆனால் இது நடந்தது.

எங்கள் தீவின் சபேட்டோ மலையில் பைன் மரப்பட்டையை உரித்து உள்ளே இருப்பதைச் சுரண்டுவது என் வேலை. தமிழ்நாட்டிலிருந்து தலைநகர் சுவாவின் பல்கலைக்கழகத்துக்கு வந்த டீச்சரம்மாவிடம் இருந்தேன். மரம் தன் கட்டையை வளர்க்கும்போது எந்த மரபணு எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரவில் சுரண்டினால் சளி மாதிரி வழவழவென்று வரும், பகலில் நார் நாராக வரும், கையை எவ்வளவு கழுவினாலும் சோறு இறங்காது.

அந்த வருஷம் துப்பாக்கிக்காரர்கள் மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். கரும்பு வெட்ட வந்த இந்தியர் வழி எங்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று அண்ணன் முனுசாமி லண்டனுக்குக் கிளம்பினான். சாமான் பெட்டி செய்ய வீட்டருகே நின்ற பைனை வெட்டினான்.

"அரே, ரெண்டு வருஷம்டா. வந்து கரும்ப பாத்துக்கறேன்."

"நீ எங்க வரப்போற? ஓடுறவன்தானே!"

அவன் போன பிறகு ஒரு உச்சிவெயிலில் அந்த அடிக்கட்டையில் உட்கார்ந்தேன், கால்சட்டை நனைந்துவிட்டது. பட்டைக்குள் இரவுச் சளி, கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. ராத்திரி தொட்டால் காய்ந்த நார். சுரண்டி, பகல், ராத்திரி என்று எழுதிய டியூப்களில் டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன்.

டீச்சரம்மா போனில் கத்தினார். "பகல் டியூப்ல ராத்திரி ஜீன் வேலை செய்யுது. மாத்தி வச்சிட்டீங்களா?"

"நேர்ல வந்து தொட்டுப் பாருங்கம்மா."

வந்தார். பக்கத்து மர வேர் ஊட்டினால் அடிக்கட்டை சாகாது, ஆனால் ராப்பகல் தலைகீழாக மாற வழியே இல்லை என்றார், கையைப் புல்லில் துடைத்தபடி.

எங்களுக்கு உச்சி என்றால் லண்டனில் நடுராத்திரி. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

சில மாதம் கழித்துக் கட்டை தானாகவே இரவில் நனைந்து பகலில் காய்ந்தது, சனியன் ஒழிந்தது என்று நினைத்தேன். அந்த ஞாயிறு அண்ணன் கூப்பிட்டான். "நைட் டூட்டி போட்டுட்டானுங்கடா. இனி பகல்லதான் தூக்கம்."

அன்றைக்குத்தான் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் தூங்கும்போது இது நனைகிறது.

ரெண்டு வருஷம் பத்து வருஷமானது. அவன் கூப்பிடாத வாரங்களில் உயிரோடு இருக்கிறானா என்று அந்த எழவைத்தான் தொட்டுப் பார்த்தேன். கடைசியாக, டிக்கெட் எடுத்துவிட்டேன், வருகிறேன் என்றான். மறுநாளிலிருந்து கட்டை காயவே இல்லை. காலை, உச்சி, அந்தி, எப்போதும் ஈரம். போனை யாரும் எடுக்கவில்லை. பிறகு அங்கே அவன் கட்டிக்கொண்ட அண்ணி கூப்பிட்டாள், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அங்கேயே எரித்து ஒரு வருஷமாகிறது. இன்று காலையும் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று ஈரம், அதற்கடியில் இந்த ஒரு வருஷத்தில் வளர்ந்த, ஒரு விரல் பருமனுக்குப் புதுக்கட்டை.