சாம்பாரில் சாரமில்லை

அன்று வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்தான். அப்பா இல்லை. ஆற்றிங்கலில் கான்கிரீட் வேலைக்குப் போனவர் மறுநாள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். எங்கள் மூவரில் மலையாளம் தெரிந்தவர் அவர் ஒருவரே.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாங்கள் கேரளத்தில் கழக்கூட்டம் என்ற ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்புவரை தமிழில் படித்தவனை இங்கே மலையாளப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பாதி எழுத்துகளுக்கு நம் எழுத்தின் சாயல் இருந்ததால் சீக்கிரமே கூட்டி வாசிக்கப் பழகிவிட்டேன். பொருள் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கடைப் பலகைகளை நான் சத்தமாக வாசித்துக்கொண்டு போக, அம்மா கலெக்டரைப் பெற்றவள்போல் பின்னால் நடந்து வருவாள்.

இரண்டு தெரு தள்ளி, கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை நடத்திய சேச்சியிடம் அப்பாதான் பேசி வைத்திருந்தார்: ஒரு நாள் பத்துப் பேருக்குச் சமைத்து அனுப்புவது, பிடித்திருந்தால் வேலை. கிடைக்காவிட்டால் அம்மாவும் அப்பாவோடு சித்தாளாகப் போய்ச் சிமெண்டுச் சட்டி சுமக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை அவள் சாம்பாரைத் திரும்பத் திரும்ப உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அந்த மும்முரத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாளோ என்னவோ.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் விடுதிக்குப் பாத்திரங்களை வாங்கி வரப் போனேன். சேச்சி வெளியே போயிருந்தார். கழுவித் துடைத்த தூக்குவாளிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது.

“என்னய்யா போட்டிருக்கு? வாசி” என்றாள் அம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி.

எழுத்துக்கூட்டினேன். “சாம்பாறில் உப்பு கூடிப்போயி. சாரமில்ல.”

“உப்பு கூடிட்டாக்கும்” என்றவளின் முகம் சுருங்கியது. “அதென்னது, சாரமில்ல? சாரம் உங்கப்பா இடுப்புல கட்டுறதுல்லா. சாம்பாருக்குள்ள அதை எதுக்குத் தேடுதா?”

இருவரும் சிரித்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் படித்தவன். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல் எனக்கு வந்திருந்தது.

“அது இல்லம்மா. சாரம்னா சத்து, ருசி. ஒண்ணுமே இல்ல, சப்புன்னு இருக்குன்னு எழுதிருக்காங்க.”

அம்மா தூக்குவாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “உப்பும் கூடுதலாம், சப்புன்னும் இருக்காமா? அப்போ சமையலையே பிடிக்கலைன்னுதான அர்த்தம்.”

“பின்னாலயும் எழுதிருக்கும்மா.”

“போதும்யா. முன்னால எழுதினதுலயே வயிறு நிறைஞ்சிட்டு.”

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பின்பக்கத்து எழுத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. திக்கினால் என் மரியாதை போய்விடும். தாளை அவள் மடித்து ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவுக்குள் போட்டாள். மறுநாள் அப்பாவிடம், “அந்த வேலை நமக்குச் சரிப்படாது” என்றாள், அவ்வளவுதான். அவர் எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. என்னைச் சொல்ல விடவும் இல்லை. திங்கட்கிழமை சட்டி சுமக்கப் போனாள். வழியில் சேச்சி எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள்.

நாலைந்து மாதம் கழித்துப் பள்ளி மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். டீச்சர் என்னைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டு, “சாரமில்ல மோனே” என்றார். பரவாயில்லை மகனே என்று. காயத்தைவிட அந்தச் சொல்தான் எரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. படித்த பிள்ளை தப்பாக அர்த்தம் சொன்னான் என்பதை எப்படிச் சொல்வது?

பதினொரு வருடம் அவள் சட்டி சுமந்தாள். கடைசியில் முதுகெலும்பு வட்டு விலகி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். ரேஷன் கார்டு கேட்டார்கள். வீட்டிலிருந்து டப்பாவையே எடுத்து வந்து திறந்தபோது அந்தத் தாள் இருந்தது. அப்போது எனக்கு எந்தக் கையெழுத்தும் வாசிக்க வரும். திருப்பினேன். பாக்கி எல்லாம் நன்றாக இருந்தது, பொரியலை விடுதிப் பெண்கள் மறுபடி கேட்டு வாங்கினார்கள், உப்பைக் கடைசியில் போட்டால் போதும், திங்கட்கிழமை முதல் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில், சேச்சி என்று கையெழுத்து.

“என்னய்யா அது?” என்றாள் அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி. “அந்தச் சாரமில்லாத சாம்பாரா?”

“ஆமாம்மா” என்றேன்.

இப்போது பிறர் வேலையைப் பார்த்துக் கருத்து எழுதுவது என் அலுவலகப் பணிகளில் ஒன்று. நல்லதை முதல் வரியில் எழுதிவிடுகிறேன். குறை சொன்ன ஒருத்தி தாளைத் திருப்பி இன்னும் எழுதியிருக்கிறாள் என்றால், அவள் நம்மை விட்டுவிடவில்லை என்று அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு ஊரிலிருந்த மூன்று சென்ட் இடத்தை விற்றோம். அம்மா இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை. மொத்தச் செலவு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.