காலிக் கட்டத்து நேரம்

யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று திங்கட்கிழமை காலையில் முதலாளிக்குச் சொல்வது என் தொழில். இரண்டு வருடமாக அந்த மணிக்கணக்குச் சுருக்கத்தை நான் நம்பவில்லை. ஆனாலும் ஒரு திங்கட்கிழமைகூடக் கொடுக்காமல் இருந்ததில்லை. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பத்து நொடி

ஆழ்வார்பேட்டையில் வீட்டு வரைபடம் போடும் அலுவலகம் எங்களுடையது. ஒவ்வொருவரும் வேலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கணினியில் நேரப் பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் எந்த வீட்டு வேலை என்று குறிக்க வேண்டும். முன்பு வாரக் கடைசியில் அதையெல்லாம் கூட்டுவது நான்தான். கட்டம் காலியாக இருந்தால் அவரவர் இருக்கைக்கே போய், "இது எந்த வீடு?" என்று கேட்டு நிரப்புவேன். முடிப்பதற்குள் திங்கட்கிழமை மதியம் ஆகிவிடும்.

பிறகு ஏஐ உதவியாளர் ஒன்றைக் கொண்டுவந்து நேரப் பதிவோடு இணைத்தார்கள். அதனிடம் கேட்க எனக்கு மட்டும் அனுமதி. "போன வாரம், வீடுவாரியாக, யார் எத்தனை மணி?" என்று தட்டினேன். பத்து நொடியில் பட்டியல் வந்து நின்றது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ரங்கநாதன் சொன்னார்: "என்ன முரளி, இதுக்கா இத்தனை வருஷமா அரை நாள் எடுத்துண்டேள்?"

தேவாவின் உழைப்பு

சைதாப்பேட்டையிலிருந்து வரும் தேவா படம் வரைபவன். ஒரு சனிக்கிழமை பொத்தானை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை சுருக்கத்தில், கோபாலபுரத்து வீட்டின் மாடிப்படிக்கு மட்டும் அவன் பெயரில் நாற்பத்தோரு மணி நேரம். 'இந்த வாரம் மிக அதிகமாக உழைத்தவர்' என்று கீழே ஒரு வரி வேறு.

முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டிக் கைகுலுக்கினார். நானும் கைதட்டினேன். தேவா என் மேஜைக்கு வந்து குனிந்து சொன்னான்: "இன்னா சார், நான் தூங்கிக்கினு கீறப்பதான் நல்லா வேல செய்றேன் போல."

ஒன்பது மணி

வரைந்த படங்களைச் சரிபார்ப்பது செண்பகத்தின் வேலை. எங்கள் அலுவலகத்திலிருந்து அவர் கண்ணில் படாமல் ஒரு தாள் வெளியே போகாது. காலையிலிருந்து "அக்கா, ஒரு நிமிஷம்", "அக்கா, இத கொஞ்சம் பாருங்க" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பொத்தானை அழுத்திவிடுவார். எந்த வீடு என்று குறிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பான். அவருடைய கட்டங்கள் பெரும்பாலும் காலிதான். அந்தக் காலத்தில் அதை நிரப்பியவன் நான். என் அரை நாளில் பாதி அவர் இருக்கையில்தான் போகும்.

புதுச் சுருக்கத்தில் அவர் பெயருக்கு நேரே வாரத்துக்கு ஒன்பது மணி, பத்து மணி என்று வந்தது. நான்கு மாதம் அப்படியே வந்தது. ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருக்கலாம். எழுந்து போய் நிரப்பினால், மறுபடி அரை நாள் எடுத்துக்கொள்கிற ஆள் ஆகிவிடுவேன் என்ற பயம். ஐம்பத்து நான்கு வயதில் அந்தப் பயம் சின்னதல்ல. "பார்த்தேளா, சரிதானா?" என்று முதலாளி கேட்டபோது, "அதுவே எடுத்துக் கொடுத்தது சார்" என்றேன்.

செண்பகத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸையும் அடிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பல நாள் அந்த டிபன் பாக்ஸ் மூன்று மணிவரை திறக்கப்படாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோபமாகக்கூட இல்லை, விவரம் கேட்பதுபோல்தான் கேட்டார்: "சார், நீங்க எதிர் சீட்லதானே உக்காந்திருந்தீங்க?"

அடையாறு வீட்டுக் கதவு

போன மாதம் அடையாற்றில் வீடு கட்டுகிற ஓர் அம்மாள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். குளியலறைக் கதவைத் திறந்தால் மாடிப்படியில் இடிக்கிறது. படத்தில் இருந்தபடியேதான் கட்டியிருக்கிறார்கள். முதலாளி, நான், தேவா மூவரும் குனிந்து படத்தைப் பார்த்தோம். அந்த அம்மாள் எங்கள் மூன்று தலைகளையும் பார்த்துச் சொன்னார்: "இப்ப பாக்கறீங்களே, இத அப்பவே ஒருத்தர் பாத்திருக்கக் கூடாதா?"

அவர் போனபிறகு உதவியாளரிடம் செண்பகத்தின் பழைய நான்கு மாதத்தைக் கேட்டேன். இந்த முறை 'வீடுவாரியாக' என்ற சொல்லைப் போடவில்லை. வாரத்துக்கு நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது என்று வந்தது. முன்பு ஏன் ஒன்பது என்றாய் என்று கேட்டேன். 'நீங்கள் வீடுவாரியாகக் கேட்டீர்கள். வீடு குறிக்கப்படாத பதிவுகள் அதில் சேராது' என்று மரியாதையாகப் பதில் சொன்னது.

அதனிடம் கேட்கும் அனுமதி இந்த அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், வேறு யாருடைய பெயரையாவது அது சொல்லிவிடாதா என்ற நப்பாசையில் கடைசியாக நான் தட்டியது இதுதான்: "இந்தக் காலிக் கட்டத்து நேரத்தை, அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டியவர் யார்?"