வரைந்த கண்

கடலூரில் போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். பிச்சாவரத்தில் நான் எடுத்த கொக்குப் படத்தில் கண் இருண்டு கிடந்தது.

"கண்ணுல சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி வைங்க சார். உயிர் வந்துடும்" என்றாள் சொல்லித்தரும் பெண். வைத்தேன். வந்துவிட்டது.

சின்ன வயதில் குமராட்சியில் இருந்தபோது என் தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள். அதுவரை அவளைப் போட்டோவே எடுத்ததில்லை. சிதம்பரத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் வந்தார். மாலை போட்டு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் அப்பா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே படத்தைக் கொண்டுவந்தார். மூடிய இமைகளின் மேல் கண் வரைந்து, வெள்ளைப் புள்ளியும் வைத்திருந்தார். படம் கழுவிய மருந்து வாடை அதில் இன்னும் போகவில்லை.

அம்மா அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "எம் புள்ள இப்படிப் பாக்கமாட்டா. கண்ண மூடியே குடுத்துடுங்கண்ணே. தூங்குறதா நெனச்சுக்கிறேன்."

"வரஞ்சத அழிச்சா முகமும் போயிடும்மா" என்றார் அவர்.

படம் சுவரில் ஏறியது. இப்போது தங்கச்சியை நினைத்தால் அந்தக் கண்தான் வருகிறது. அவளுடைய கண் எனக்கு மறந்துவிட்டது.

"நல்லா வந்திருக்கு, சேவ் பண்ணிடுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

நான் புள்ளியை அழித்தேன்.