இரண்டாம் முனையும் மூன்றாம் முனையும்

பிள்ளையார்பாளையத்தில் கணினி பழுதென்றால் ஏலவார்குழலியைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது வரை தறியில் உட்கார்ந்தவள். பிறகு ஒரு வருஷம் ஹார்டுவேர் படித்து, வீட்டு முன்னறையிலேயே கடை போட்டாள். இப்போது வயது முப்பத்தெட்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். அதனாலேயே அவளை நம்பினார்கள்.

அன்று நெசவாளர் நமச்சிவாயத்தின் வீட்டிலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய தறிக்கு டிசைன் அனுப்பும் சின்னக் கணினி காலையிலிருந்து அசையவில்லை. அதற்குத் திரை கிடையாது. பின்னால் பழைய ஒன்பது முனை சீரியல் போர்ட் மட்டும். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, யுஎஸ்பி கன்வர்ட்டர் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். அந்தக் கணினி என்ன சொல்கிறதென்று லேப்டாப் திரையில் படித்துவிடலாம். ஆனால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடித்தது.

"என்னாம்மா ஆச்சு? முகூர்த்தப் புடவை பாதியில நிக்குது," என்றார் நமச்சிவாயம்.

"புரியலண்ணா. போன வாரம் வாலாஜாபாத் ரைஸ் மில்லுல நெட்வொர்க் பெட்டிக்கு இதே கேபிள்தான் போட்டேன். நல்லா பேசிச்சு."

கன்வர்ட்டரின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள். வேறு போர்ட்டில் செருகினாள். கன்வர்ட்டரே செத்துவிட்டதோ? அதன் இரண்டாம், மூன்றாம் முனைகளைத் துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு லேப்டாப்பில் எழுத்துகளைத் தட்டினாள். தட்டிய எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. கன்வர்ட்டர் நன்றாகத்தான் இருந்தது. கேபிளையும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. ஒரு கம்பியும் அறுந்திருக்கவில்லை. எல்லாம் சரி, பேச்சு மட்டும் இல்லை. கிறுக்குப் பிடிப்பதுபோல இருந்தது.

கலைவாணி அக்கா, நமச்சிவாயத்தின் மனைவி, காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை குழலி ஒரு தாளில் முனைகளை வரைந்துகொண்டிருந்தாள். கணினி மூன்றில் பேசும், இரண்டில் கேட்கும். மில்லில் இருந்த பெட்டி கணினியோடு பேசவென்றே செய்தது. உள்ளேயே இரண்டையும் மூன்றையும் மாற்றி வைத்திருப்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் கணினி. இரண்டும் ஒரே கம்பியில் பேசுகின்றன, இன்னொன்றில் இரண்டும் காதை வைத்துக்கொண்டிருக்கின்றன.

கேபிளை நடுவில் வெட்டி, அந்த இரண்டு கம்பிகளையும் குறுக்காகப் பற்றவைத்தாள். திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டியது.

"இது என்னா பாஷைம்மா?"

"ரெண்டும் பேசுற வேகம் ஒத்துப்போவலண்ணா." ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்த்தாள். நாலாவதில் எழுத்துகள் தெளிந்தன: டிஸ்க்கில் இடமில்லை.

கணினி தானாக எழுதிக் குவித்திருந்த, தேவையில்லாத பழைய பதிவுகளை அழித்தாள். தறி ஓடியது.

"இப்ப புரிஞ்சுதா?" என்றார் நமச்சிவாயம்.

"கேபிள் புரிஞ்சுது. அவ்ளோ பதிவை எது எழுதிக்கினே இருக்குதுன்னு புரியலண்ணா. நாளைக்கு வரேன்."